உப்புத் தண்ணி வீட்டில் ஒரு ஹீட்டர்

இரண்டு மார்கழிக்கு முன்னால், ஒரு நாள் காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் போனது. தெருவிளக்கு எரிகிறது, எதிர்வீட்டில் கோலம் போட லைட் போட்டிருக்கிறார்கள், நாங்கள் மட்டும் இருட்டில். போர்டைத் திறந்து பார்த்தால் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே அணைந்துகொள்ளும் ஸ்விட்ச், கீழே விழுந்து கிடந்தது. தூக்கிவிட்டேன், நின்றது. பாத்ரூம் ஹீட்டர் ஸ்விட்சைப் போட்டேன், படக்கென்று மறுபடி விழுந்தது. சரி, வில்லன் யாரென்று தெரிந்துவிட்டது. அன்றைக்கு எல்லோருக்கும் கேஸ் அடுப்பில் அண்டா வைத்து வெந்நீர்.

"நான்தான் அப்பவே சொன்னனே, டைல்ஸ்ல மஞ்சக் கோடு விழுதுன்னு" என்றாள் மனைவி. சொன்னாள்தான். ஹீட்டருக்கு நேர் கீழே, வெள்ளை டைல்ஸில், துரு நிறத்தில் ஒரு விரல் அகலக் கோடு இரண்டு மாதமாகவே இருந்தது. பாத்ரூம் கழுவும்போது தேய்த்தால் போய்விடும், ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிடும். நான் அதைப் பைப் கசிவு என்று நினைத்து, டெஃப்லான் டேப் சுற்றினால் சரியாகிவிடும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

முதலில் எங்கள் வீட்டுத் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது. நாங்கள் இருப்பது கோயம்புத்தூரில், நகரத்தின் வடக்கு ஓரத்தில். வீட்டில் இரண்டு தண்ணீர் உண்டு. குழாயில் முறை வைத்து வருவது நல்ல தண்ணி, குடிக்கவும் சமைக்கவும் மட்டும். குளிக்க, துவைக்க, கழுவ எல்லாம் போர் தண்ணி, அதாவது உப்புத் தண்ணி. போர் போட்ட புதிதில் பரிசோதனைக்குக் கொடுத்தபோது கடினத்தன்மை லிட்டருக்கு 680 மில்லிகிராம் என்று எழுதிக் கொடுத்தார்கள். குடிநீருக்கு இந்திய தர நிர்ணயம் 200க்குள் இருக்கச் சொல்கிறது, வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது. நாங்கள் அதையும் தாண்டி. சோப்பு நுரைக்காது, ஷவர் ஓட்டைகள் ஆறு மாதத்தில் அடைத்துக்கொள்ளும், கெட்டிலுக்குள் தவறிப்போய் இந்தத் தண்ணீரை ஊற்றினால் மறுநாளே வெள்ளைப் படலம் விழும். அப்படிப்பட்ட தண்ணீரைத்தான் ஒன்பது வருஷம் ஒரு மூடிய டப்பாவுக்குள் விட்டுத் தினமும் சுடவைத்துக்கொண்டிருந்தோம், ஒரு நாள்கூட அதைத் திறந்து பார்க்காமல்.

முழுக்கப் பொய். இரண்டு முறை திறந்தோம். மூன்றாவது வருஷம் ஒரு தடவை, ஆறாவது வருஷம் ஒரு தடவை, தண்ணீர் சூடாகவில்லை என்று ஆள் வந்து காயிலை மாற்றிவிட்டுப் போனார். இரண்டு முறையும் "உப்பு பிடிச்சு காயில் போயிருச்சுங்க" என்பதோடு சரி. பக்கத்திலேயே இருந்த இன்னொரு தண்டைப் பற்றி அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

சரி, கசிவுக்கு வருகிறேன். ஹீட்டருக்குக் கீழே தண்ணீர் சொட்டினால் அது நான்கு இடங்களில் ஒன்றிலிருந்து வரலாம். ஒன்று, தண்ணீர் உள்ளே போகும், வெளியே வரும் குழாய் இணைப்புகள். இரண்டு, உள்ளே போகும் பக்கம் இருக்கும் சேஃப்டி வால்வு. மூன்று, காயில் பொருத்தியிருக்கும் அடித்தட்டின் ரப்பர் வாஷர். நான்கு, டேங்க்கே. முதல் மூன்றுக்கும் மருந்து உண்டு, நான்காவதற்குக் கிடையாது. போர்டில் ஹீட்டர் லைனுக்கான பிரேக்கரை, அதாவது எம்சிபியை இறக்கிவிட்டு, கீழ் மூடியைக் கழற்றி, துணியால் எல்லாவற்றையும் ஒட்டத் துடைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். குழாய் இணைப்பில் பேப்பர் காய்ந்தே இருந்தது. அடித்தட்டைச் சுற்றியும் ஈரமில்லை. ஆனால் வெளிக்கூட்டின் விளிம்பில், டேங்குக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே அடைத்திருக்கும் மஞ்சள் ஃபோம் ஊறிப்போய், அங்கிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. விரலால் அமுக்கினால் ஸ்பாஞ்ச் மாதிரி பிழிந்தது.

எலெக்ட்ரீஷியன் தம்பி வந்து பார்த்துவிட்டு, மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மெக்கர் மீட்டரில் காயிலைச் சோதித்தார். அதுவும் போய்விட்டது. காயில் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு உலோகக் குழாய், அதன் நடுவே மெல்லிய சுருள் கம்பி, கம்பிக்கும் குழாய்க்கும் இடையில் மக்னீசியம் ஆக்சைடு பொடி. குழாயில் மயிரிழை விரிசல் விழுந்தால் அந்தப் பொடி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், மின்சாரம் தண்ணீருக்கும் எர்த்துக்கும் கசியும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ஆர்சிசிபி விழ வேண்டும், விழுந்தது. வீட்டில் எர்த் ஒழுங்காக இருந்ததாலும் அந்தச் சின்னப் பெட்டி இருந்ததாலும்தான் இதை நான் சாவகாசமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் மேல் இருக்கும் டெஸ்ட் பட்டனை அதுவரை நான் அமுக்கியதே இல்லை. இப்போது மாதம் ஒருமுறை அமுக்குகிறேன்.

"காயில் மாத்தலாங்ணா, ஆனா டேங்க்கே ஓட்டை. மாத்தி என்னங்ணா பிரயோஜனம்" என்றார் தம்பி. நியாயம்தான்.

பழசை இறக்கி மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கேதான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. 25 லிட்டர் ஹீட்டர் காலியாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு கிலோதான் இருக்க வேண்டும். இதை இரண்டு பேர் தூக்கியும் மூச்சு வாங்கியது. ஆட்டினால் உள்ளே ஜல்லி உருளுகிற சத்தம். தம்பி போன பிறகு நான் மட்டும் ஸ்பேனரோடு உட்கார்ந்தேன்.

அடித்தட்டில் ஆறு நட்டு. நான்கு கழன்றன, இரண்டு துருப்பிடித்து உடைந்தன. தட்டை இழுத்தால் வரவில்லை. காயிலின் மேல் உப்பு படிந்து படிந்து, கரும்புத் தடிமனுக்கு வளர்ந்து, வந்த ஓட்டை வழியாகத் திரும்ப வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் தட்டித் தட்டி உடைத்து இழுத்தேன். அப்புறம் டேங்கைக் கவிழ்த்தேன். முட்டையோடு மாதிரி, உடைந்த சிப்பி மாதிரி, வெள்ளையும் காவியுமாக அடுக்கடுக்கான சில்லுகள் கொட்டின. கொட்டிக்கொண்டே இருந்தன. இருபது லிட்டர் வாளியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது எங்கள் 25 லிட்டர் ஹீட்டர் கடைசிக் காலத்தில் சில லிட்டர் குறைந்த ஹீட்டராகத்தான் இருந்திருக்கிறது. "முன்ன மாதிரி ரெண்டு பேருக்குக் காணறதில்ல" என்று அம்மா சொன்னதற்கு, தெர்மோஸ்டாட் போயிருக்கும் என்று நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

ஒரு சில்லை எடுத்து அதன் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்தேன், சுர்ரென்று நுரைத்தது. கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல். நாம் உப்பு, உப்பு என்கிறோம், சாப்பாட்டு உப்பு இல்லை அது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடானதும் கார்பனேட்டாக மாறிப் பிரிந்துவிடுகிறது, எங்கே சூடு அதிகமோ அங்கேயே ஒட்டுகிறது. அதனால்தான் காயில்மேல் முதலில். சூடு கூடக் கூட இது வேகமாக நடக்கும், 60 டிகிரிக்கு மேல் ரொம்பவே வேகமாக.

இங்கே ஒரு தப்பான பேச்சு உண்டு, உப்பு பிடித்தால் கரண்ட் பில் எகிறும் என்பார்கள். தண்ணீருக்குள் முழுகியிருக்கும் காயிலில் செலவாகும் மின்சாரம் எப்படியும் தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும், வேறெங்கே போகும்? நடப்பது வேறு. மேலே கம்பளி போர்த்திய மாதிரி உப்பு மூடியிருப்பதால், உள்ளே காயில் தாங்க முடியாத சூட்டுக்குப் போய் சீக்கிரம் செத்துப்போகிறது. செலவு பில்லில் வராது, காயில் மாற்றுகிறவர் கையில் போகும்.

ஆனால் டேங்க் ஓட்டையானதற்குக் காரணம் உப்பு இல்லை. அடித்தட்டில் காயிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது, சைக்கிள் ஸ்போக்கைவிடக் கொஞ்சம் தடிமன், விரல் நீளம், அதன் அடியில் கடலை அளவுக்கு ஏதோ வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. இது என்ன கம்பி என்று புரியவில்லை. போனில் தேடிப் பார்த்துத்தான் தெரிந்தது, அது ஆனோடு ராடு. இருந்த ராடு. மக்னீசியத் தண்டு, கட்டைவிரல் தடிமனில் இருந்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது அதன் நடு எலும்பு.

விஷயம் இதுதான். பெரும்பாலான ஹீட்டர் டேங்குகள் இரும்புத் தகடு, உள்ளே கண்ணாடிப் பூச்சு. 800 டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டு ஏற்றிய பூச்சு, பீங்கான் தட்டில் இருக்குமே அந்த மாதிரி. நல்ல பூச்சுதான், ஆனால் வெல்டிங் ஓரங்களிலும் மூலைகளிலும் ஊசிமுனை அளவுக்கு இடைவெளிகள் இல்லாமல் இருக்காது. அந்த இடங்களில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கத்தான் இரும்பைவிடச் சீக்கிரம் கரையும் மக்னீசியத்தைக் கூடவே வைக்கிறார்கள். தண்ணீர் வழியாக இரண்டுக்கும் நடுவே ஒரு பேட்டரி மாதிரி வேலை நடக்கும், மக்னீசியம் கரையும், இரும்பு பிழைக்கும். மக்னீசியம் தீர்ந்த அன்றிலிருந்து இரும்பின் முறை. தண்ணீரில் கரைந்த உப்புகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாக மின்சாரம் கடத்தும், அவ்வளவு வேகமாகத் தண்டு கரையும். எங்கள் தண்ணீரில் அது முதல் இரண்டு வருஷத்திலேயே தீர்ந்திருக்கும். அப்புறம் ஏழு வருஷம் அந்த டேங்க் வெறும் கண்ணாடிப் பூச்சை நம்பி ஓடியிருக்கிறது, பாவம். டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். வெல்டிங் கோட்டை ஒட்டித் துரு வழிந்து, ஒரு இடத்தில் குண்டூசித் தலை அளவு கறுப்புப் புள்ளி. வெளியே வெயிலில் பிடித்தபோது அந்தப் புள்ளி வழியாக வெளிச்சம் வரவில்லை, ஃபோம் மறைத்திருந்தது, ஆனால் கம்பியை விட்டால் போனது.

சில நூறு ரூபாய்த் தண்டு. காயில் மாற்ற வந்த இரண்டு முறையும் அது கண்ணுக்கு எதிரே இருந்திருக்கிறது. வாரண்டி அட்டையைத் தேடி எடுத்தேன், கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஆனோடை அவ்வப்போது சோதித்து மாற்ற வேண்டும் என்று போட்டிருக்கிறது. படிக்காதது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது புதுசு வாங்கும் கதை. கடையில் போய் நின்றால் முதலில் காட்டுவது நட்சத்திர ஸ்டிக்கர். ஐந்து நட்சத்திரம் என்றால் தண்ணீரைச் சிக்கனமாகச் சூடாக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஸ்டோரேஜ் ஹீட்டரில் அந்த நட்சத்திரம் அளப்பது, சூடான தண்ணீரை அப்படியே 24 மணி நேரம் வைத்திருந்தால் எவ்வளவு சூடு வெளியே போய் வீணாகிறது என்பதைத்தான். அதாவது ஃபோமின் தரம். சூடாக்கும் வேலையில் எல்லா ஹீட்டரும் ஒன்றுதான், கணக்கே அப்படி. 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக ஏறக்குறைய ஒரு யூனிட், 2 கிலோவாட் காயிலில் அரை மணி நேரம். நட்சத்திரம் எத்தனை இருந்தாலும் இது மாறாது. நாள் முழுக்க ஸ்விட்ச் போட்டே வைத்திருக்கும் வீட்டுக்கு நட்சத்திரம் முக்கியம். எங்களை மாதிரி காலையில் போட்டு, குளித்து, அணைத்துவிடுகிறவர்களுக்கு அதில் பெரிய வித்தியாசம் வராது. சும்மா கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்காக டேங்கில் சமரசம் செய்யாதீர்கள் என்கிறேன்.

அளவு எவ்வளவு வேண்டும்? எங்கள் வீட்டில் வாளிக் குளியல். மார்கழிக் காலையில் மேல்தொட்டித் தண்ணீர் 20 டிகிரிக்கு இறங்கிவிடும். குளிக்கிற சூடு 40 என்று வைத்தால், 60 டிகிரியில் இருக்கும் 25 லிட்டரோடு இன்னொரு 25 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கலந்துகொள்ளலாம், இரண்டரை வாளி. இரண்டு பேர் தாராளமாகக் குளிக்கலாம், அப்புறம் அரை மணி இடைவெளி விட்டு அடுத்த இரண்டு பேர். 15 லிட்டர் வாங்கினால் ஒன்றரை வாளி, எங்களுக்குப் போதாது. ஷவரில் நின்று பாட்டுப் பாடுகிற குடும்பம் என்றால் 25ம் போதாது. 3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர் கிச்சன் சிங்குக்குச் சரி, இந்த உப்புத் தண்ணீரில் அதன் குட்டி டேங்கும் 3 கிலோவாட் காயிலும் எவ்வளவு நாள் தாங்கும் என்று யோசித்தாலே பயமாக இருந்தது. கேஸ் ஹீட்டரை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் பாத்ரூமில் ஒரு சின்ன ஜன்னல், அதுவும் குளிர் காலத்தில் சாத்தியே கிடக்கும், அங்கே கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனைகூட வராது, குளிக்கப் போனவர் திரும்பி வர மாட்டார். கேஸ் ஹீட்டர் வைப்பதாக இருந்தால் பாத்ரூமுக்கு வெளியே, திறந்த இடத்தில் வையுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

டேங்கில் மூன்று வகை பேசினார் கடைக்காரர். செம்பு டேங்க் இப்போது அதிகம் வருவதில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், "துருவே பிடிக்காதுங்க சார்" என்றார். எவர்சில்வர் என்றால் நமக்கெல்லாம் ஒரு நம்பிக்கை. ஆனால் போர் தண்ணீரில் குளோரைடு இருந்தால், அதுவும் சூட்டோடு சேர்ந்தால், 304 என்கிற சாதாரண எவர்சில்வர் ரகத்தில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும், வெல்டிங் பக்கத்தில்தான் முதலில். நான் கண்ணாடிப் பூச்சு டேங்கையே மறுபடி எடுத்தேன். பழசு செத்தது அந்த வகை என்பதால் இல்லை, ராடு தீர்ந்ததால்தான் என்று எனக்கு இப்போது தெரியும். கடையில் நான் கேட்ட கேள்விகள் மூன்றுதான். ஆனோடு ராடு எவ்வளவு தடிமன்? தனியாகக் கிடைக்குமா, என்ன விலை? அடித்தட்டை நானே கழற்றினால் வாரண்டி போகுமா? முதல் கேள்விக்கே கடைப் பையன் முழித்தான். முதலாளியைக் கூப்பிட்டான், அவர் குடோனிலிருந்து ஒரு ராடைக் கொண்டுவந்து காட்டினார். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 22 மில்லிமீட்டர். விலை 450 ரூபாய். அப்போதே இரண்டாவது ஒன்றும் வாங்கிவிட்டேன். காயில் இன்கோலாய் என்கிற நிக்கல் கலப்பு உலோக வகையாகப் பார்த்து எடுத்தேன், சாதாரணச் செம்புக் காயிலைவிட இந்தச் சூட்டைத் தாங்கும். 8 பார் அழுத்தம் தாங்கும் என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். எங்கள் மேல்தொட்டி ஹீட்டருக்கு மேலே ஆறு மீட்டர், பத்து மீட்டருக்கு ஒரு பார் கணக்கில் அரைக்கும் கொஞ்சம் மேலே. எனக்கு அது பெருமைக்குத்தான். அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் இருப்பவர்களும் பிரஷர் பம்ப் வைத்திருப்பவர்களும் அதைப் பார்த்தாக வேண்டும்.

நடுவில் மனைவிக்கு ஒரு யோசனை, நல்ல தண்ணியையே ஹீட்டருக்கு விட்டால் என்ன, சிறுவாணித் தண்ணியில் உப்பே கிடையாதே என்று. அம்மா ஒரு பார்வை பார்த்தார். "குடிக்கற தண்ணியில குளிக்கறதா?" அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாட்டும் வேலையில் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. பழைய சேஃப்டி வால்வைக் கழற்றிப் பார்த்தால் அதன் சின்ன வாயில் யாரோ எம்சீல் வைத்து அடைத்திருக்கிறார்கள். யாரோ என்ன, முன்பு வந்த பிளம்பர்தான், சொட்டுகிறது என்று நாங்கள் சொன்னதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம். அந்த வால்வு சொட்டுவது அதன் வேலை. 25 லிட்டர் தண்ணீர் 20லிருந்து 60 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 400 மில்லி அளவுக்கு விரியும். தண்ணீரைத் திரும்பிப் போக விடாத நான்-ரிட்டர்ன் வால்வு உள்ளே இருப்பதால், அந்தக் கூடுதல் தண்ணீர் வெளியேற வழி அது ஒன்றுதான். தெர்மோஸ்டாட்டும், சூடு எல்லை மீறினால் கரண்டைத் துண்டிக்கும் கட் அவுட்டும் சேர்ந்து பழுதாகி, இதுவும் அடைத்திருந்தால் ஹீட்டர் ஒரு குண்டு. எத்தனை வருஷம் அதன் அடியில் நின்று குளித்திருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தேன், நினைக்காமல் இருந்திருக்கலாம்.

இப்போது வால்வின் வாயில் ஒரு மெல்லிய டியூப் மாட்டி, தரை வடிகால் வரை விட்டிருக்கிறேன். தண்ணீர் வரும் பக்கம் வரிசை இப்படி: பைப், பால் வால்வு, சேஃப்டி வால்வு, ஹீட்டர். சேஃப்டி வால்வுக்கும் ஹீட்டருக்கும் நடுவே வேறு எந்த அடைப்பானும் கூடாது. வெந்நீர்ப் பக்கம் பழைய வெள்ளை பிவிசியை எடுத்துவிட்டு, சூடு தாங்கும் சிபிவிசி பைப் போட்டோம். சுவர் ஒன்பது இஞ்ச் செங்கல், புதிதாக ஆங்கர் போல்ட் அடித்தோம். தண்ணீரோடு நாற்பது கிலோ வரும், நாலரை இஞ்ச் தடுப்புச் சுவரில் நம்பித் தொங்கவிட முடியாது. பவர் பிளக்கைக் கழற்றினால் உள்ளே ஒரு பின் கருகி, பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. 2 கிலோவாட் என்றால் 9 ஆம்பியருக்குப் பக்கம், அரை மணி நேரம் விடாமல் ஓடும், லூஸ் காண்டாக்ட் இருந்தால் உருகத்தான் செய்யும். பிளக் சாக்கெட்டே வேண்டாம் என்று பாத்ரூமுக்கு வெளியே இரண்டு கம்பியையும் சேர்த்துத் துண்டிக்கும் இருபது ஆம்பியர் டிபி ஸ்விட்ச் வைத்து நேராக இணைத்தார் தம்பி.

கூட வந்த பையன் ஸ்விட்ச்சில் கையை வைத்துவிட்டான். "டேய், இரு, தண்ணி நிக்கட்டும்" என்று தம்பி கத்தினார். முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, பிறகு பால் வால்வைத் திறக்க வேண்டும். புஸ் புஸ்ஸென்று காற்று வரும், துப்பித் துப்பி வரும், அப்புறம் ஒரே சீராகத் தண்ணீர் வரும். அதற்கு முன்னால் ஸ்விட்ச் போட்டால் காயில் காய்ந்தபடி எரிந்து, வாங்கிய அன்றே வாரண்டிக் கடிதம் எழுத வேண்டியதுதான். தெர்மோஸ்டாட்டை 75ல் வைத்து அனுப்பியிருந்தார்கள், 60க்கு இறக்கினேன். அதற்கும் கீழே இறக்கினால் உப்பு இன்னும் குறையும், ஆனால் வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா மாதிரி கிருமிகள் வளரும், அதனால் 60.

பழைய டேங்க் இரும்புக் கடைக்குப் போனது. நான் சில்லு அத்தனையையும் கொட்டிச் சுத்தமாகக் கொடுத்தேன். "உள்ளயே விட்டிருந்தா எடையாவது நின்னுருக்கும்" என்றாள் மனைவி.

பழைய ஹீட்டர் சூடாகும்போது சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று சத்தம் போடும். உப்புக்கு அடியில் மாட்டிய தண்ணீர் ஆவியாகி வெடிக்கிற சத்தம் அது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் அம்மாவுக்கு அந்தச் சத்தம்தான் கடிகாரம். சத்தம் வந்தால் தண்ணீர் காய்ந்துவிட்டது, துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். புது ஹீட்டர் சத்தமே போடவில்லை. முதல் வாரம் முழுக்க, "ஏஞ்சாமி, ஹீட்டர் போட்டயா இல்லையா?" என்று தினமும் கேட்டார். லைட் எரியுதே பாருங்கம்மா என்றால் அதை அவர் நம்பவில்லை.

பதிமூன்று மாதம் போயிற்று. ஒரு நாள் காலையில் அம்மா சந்தோஷமாகச் சொன்னார், "இன்னைக்குத்தான் ஹீட்டரு பழையபடி பேசுது. தண்ணி காஞ்சிருச்சாட்ட இருக்குது." காதை வைத்துக் கேட்டேன். ஒன்றிரண்டு டொக், டொக். அந்த ஞாயிற்றுக்கிழமையே திறந்துவிட்டேன்.

முதல் தடவை என்பதால் சொதப்பினேன். எம்சிபி இறக்கியாயிற்று, தண்ணீர் ஆறிவிட்டது, பால் வால்வை மூடி, உள்ளே வரும் ஹோஸைக் கழற்றி வாளியில் விட்டேன். பத்து லிட்டர் மாதிரி வந்தது, நின்றுவிட்டது. காலி என்று நினைத்து அடித்தட்டு நட்டுகளைத் தளர்த்தினேன். மூன்றாவது நட்டு தளர்ந்ததும் மீதித் தண்ணீர் மொத்தமும் என் தலையில். வெந்நீர்க் குழாயைத் திறந்து வைக்க மறந்துவிட்டேன், உள்ளே காற்றுப் போகாமல் தண்ணீர் பாதியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் என்பதால் சிரிப்போடு போயிற்று. திறக்கும் முன்னால் ஹீட்டரை அணைத்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். வெந்நீர்க் குழாய் திறந்திருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.

காயில்மேல் பழுப்பு வெள்ளையில் ஒரு பூச்சு, நெயில் பாலிஷைவிடக் கொஞ்சம் தடிமன். டேங்க் அடியில் இரண்டு கைப்பிடி சில்லு, அதைக் கையால் அள்ளி, மீதியை ஹோஸால் தண்ணீர் விட்டு அலசினேன். உளி, கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள், கண்ணாடிப் பூச்சு சில்லு விட்டுப்போனால் அங்கே துரு ஆரம்பிக்கும். ராடைத் தனியாகக் கழற்றி எடுத்து வைத்துவிட்டு, காயிலை மட்டும் சிட்ரிக் ஆசிட் கரைத்த வெந்நீரில் ஊறவைத்தேன், லிட்டருக்கு ஐம்பது கிராம், ஒயர் மாட்டும் முனைகள் நனையாதபடி. ஒரு மணி நேரத்தில் நுரைத்து நுரைத்து உதிர்ந்தது, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததும் பளபளவென்று வந்தது. பாத்ரூம் கழுவும் ஆசிடை ஊற்றச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். அது உப்பைத் தின்றுவிட்டு நிற்காது, காயிலையும் சேர்த்துத் தின்னும்.

ராடைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் பழைய டேங்க் எப்படிச் செத்தது என்பது கண்ணுக்கே தெரிந்தது. 22 மில்லிமீட்டர் தண்டு, மேலே 16 இருந்தது, கீழே காயிலுக்குப் பக்கத்தில் 11தான். கரையான் அரித்த கட்டை மாதிரி மேடும் பள்ளமும். இன்னும் ஆறேழு மாதம் ஓடியிருக்கும், ஆனால் திறந்தது திறந்தாயிற்று, ராடும் வீட்டில் இருக்கிறது, மாற்றிவிட்டேன். பாதிக்குக் கீழே இளைத்திருந்தாலோ, நடுக் கம்பி வெளியே தெரிந்தாலோ யோசிக்காமல் மாற்ற வேண்டியதுதான். மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. பிளம்பிங் பழக்கத்தில் கை தானாகச் சுற்றப் போகும், எனக்கும் போனது. ராடும் டேங்கும் உலோகத்தோடு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அது வேலை செய்யும், நடுவே டேப் வந்து அந்தத் தொடர்பை அறுத்துவிட்டால் ராடு கரையாமல் அப்படியே இருக்கும், டேங்க் கரையும்.

ரப்பர் வாஷரைப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது, பழசையே போட்டேன். கசிந்தது. மறுபடி எல்லாத் தண்ணீரையும் இறக்கி, கடைக்குப் போய் அறுபது ரூபாய்க்குப் புதுசு வாங்கி வந்து போட்டேன். நட்டுகளை வட்டமாக வரிசையில் முடுக்காமல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் தட்டு சமமாக உட்காரும். முழு வேலையும், இரண்டாவது தடவை பிரித்ததையும் கடைக்குப் போய் வந்ததையும் சேர்த்து, நான்கு மணி நேரம். அடுத்த முறை ஒன்றரை மணியில் முடிப்பேன் என்று நினைக்கிறேன். ஹீட்டரின் பக்கவாட்டில் மார்க்கரால் தேதியையும் ராடு அளவையும் எழுதிவைத்தேன், இன்னொரு ராடு வாங்கிப் பேப்பரில் சுற்றிப் பரணில் போட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அம்மா பாத்ரூம் வாசலில் துண்டோடு நின்றார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"ஏஞ்சாமி, நேத்து என்னவோ நோண்டிட்டு இருந்தயே, ஹீட்டரக் கெடுத்துட்டயா?"